பெஞ்சில் இருந்த கோல்கீப்பரும் மூலக்குளத்து மந்திரவாதியும்

மூலக்குளம், புதுச்சேரி
3 ஆகஸ்ட் 2025

வினோத்குமார் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு வீடியோ காலில் பச்சைப் புடவையில் உட்கார்ந்திருந்தவள் நான்தான். பக்கத்தில் இருந்து எனக்கும் சேர்த்துப் பேசியவர் சின்னப்பாப்பா அத்தை, அப்பாவின் அக்கா. பெண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா என்று உங்கள் அம்மா கேட்டார். "மீன் கொழம்பு வெச்சான்னா தெருவே மணக்கும்" என்று அத்தை அடித்துவிட்டார். எனக்கு மீன் கழுவக்கூடத் தெரியாது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மனஸ்தாபம் வேண்டாம்.

நீங்கள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நானும் உங்களைக் கேட்கவில்லை. இரண்டு வீட்டு ஆட்களும் ஒரே திரையில் முட்டி மோதிக்கொண்டிருக்கும்போது யார் யாரை என்ன கேட்பது? அதனால்தான் கடிதம். வாட்ஸ்அப்பில் எழுதலாம்தான். ஆனால் எனக்குக் கோபம் வந்த இடத்திலேயே விரல் அனுப்பிவிடும். காகிதம் என்றால் தபால் நிலையம் போய்ச் சேரும்வரை யோசிக்க அவகாசம் உண்டு.

தை பிறப்பதற்குள் நான் பதில் சொல்ல வேண்டும் என்று வீட்டில் கெடு வைத்திருக்கிறார்கள். பதில் என்றால் 'சரி' மட்டும்தான் பதில். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள மாப்பிள்ளை என்றால் எங்கள் தெருவில் என்ன மரியாதை என்று உங்களுக்கே தெரியும், நீங்களும் உழவர்கரையில் பிறந்தவர்தானே. அப்பா என்னை வற்புறுத்தவில்லை. தான் வேலை பார்த்த மில் மூடியதிலிருந்து கிடைத்த வேலையெல்லாம் பார்த்தவர், இந்த ஒரு மாதமாகத் தெருவில் கொஞ்சம் நிமிர்ந்து நடக்கிறார். அதைப் பார்த்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஏனென்றால் எதற்குச் 'சரி' சொல்லப்போகிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை. உங்கள் உயரம் தெரியும், சம்பளம் தெரியும், நட்சத்திரம் தெரியும். மனுஷனைத் தெரியாது.

எனக்கு ஒரு யோசனை. ஆளுக்கு ஒரு புத்தகம் அனுப்பிக்கொள்வோம். நம் மனசுக்குப் பிடித்த புத்தகமாக இருக்க வேண்டும். மற்றவர் அதைப் படித்து உண்மையான கருத்து எழுத வேண்டும். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே எழுதலாம். ஒருவர் ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசும்போது தன்னைப் பற்றி மறைக்க மறந்துவிடுவார் என்பது என் நம்பிக்கை.

நான் அனுப்புவது கதை விளையாட்டுக்கான தமிழ்க் கையேடு. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். ஒருவர் கதைசொல்லி. மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, 'நான் இப்போது இதைச் செய்கிறேன்' என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். அவ்வளவுதான். ஞாயிறுதோறும் நான், என் தோழி கவிநிலா, இன்னும் இரண்டு பேர் ஒரு டீக்கடை மாடியில் இதை ஆடுகிறோம். மற்ற நாட்களில் நான் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிறேன். ஊரார் கல்யாணத்தையெல்லாம் பார்டர் போட்டு அழகாக்குகிறவளுக்கு வந்த சோதனையைப் பாருங்கள்.

இப்படிக்கு,
சுடர்விழி


சார்செல், பாரிஸ் அருகே
29 ஆகஸ்ட் 2025

மரியாதைக்குரிய சுடர்விழிக்கு,

நலம். நலமறிய ஆவல். உங்கள் கடிதமும் புத்தகமும் கிடைத்தன. நன்றி. பார்சல் சற்றும் நனையாமல் வந்தது.

உங்கள் யோசனை எனக்குப் பிடித்தது. நான் அனுப்பும் புத்தகம் ஒரு கோல்கீப்பர் எழுதியது. பெரிய ஆட்டக்காரர் இல்லை. ஒரு சிறிய பிரெஞ்சு ஊரின் கிளப்பில் இரண்டாவது கோல்கீப்பராக இருந்தவர். நான் பிரெஞ்சில் படித்தேன். உங்களுக்காக ஆங்கிலப் பதிப்பு தேடி வாங்கினேன். எங்கள் புதுச்சேரி ஆட்கள் இங்கே ஒரு டீம் வைத்திருக்கிறோம். சனிக்கிழமை பயிற்சி, ஞாயிறு மேட்ச். நானும் கோல்கீப்பர்தான்.

உங்கள் புத்தகம் பற்றி என் கருத்து:

'விதிகளின் காட்டில் வழி தெரியாமல் தவிப்போருக்கு இந்நூல் ஒரு கைவிளக்கு. மூன்றாம் அத்தியாயத்துச் சண்டை விதிகள் மூச்சு முட்ட வைத்தாலும், ஐந்தாம் அத்தியாயத்தில் ஆசிரியர் நம் தோளில் கை போட்டு அழைத்துப் போகிறார். பகடை உருளும்போது நெஞ்சும் உருள்கிறது. அட்டைப்படத்துக்கு மட்டும் ஒரு குட்டு.'

அம்மா உங்கள் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
வினோத்குமார்


மூலக்குளம்
17 செப்டம்பர் 2025

வினோத்குமார் அவர்களுக்கு,

இணையத்தில் அந்தக் கையேட்டை விற்கிற கடையில், வாசகர் கருத்து என்று ஏழு பேர் எழுதியிருக்கிறார்கள். அதில் நீளமான கருத்து 'மூலக்குளத்து மந்திரவாதி' என்ற ஆளுடையது. 'பகடை உருளும்போது நெஞ்சும் உருள்கிறது.' அந்த வரிக்காக நான் ஒரு மத்தியானம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன்.

ஆமாம். மந்திரவாதி நான்தான்.

ஊர் பெயரைப் பார்த்தாவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? ஏழில் ஒன்றை எடுக்கப் போனவர் சரியாக என்னுடையதைத்தானா எடுக்க வேண்டும்? முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். கவிநிலாவுக்கு போன் போட்டுப் படித்துக் காட்டினேன், அவளும் சிரித்தாள். போனை வைத்த பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் கேட்டது ஒன்றே ஒன்று, உண்மை. அதைக்கூடக் கடையில் எடுத்துக் கொடுத்தால் போதும் என்று நினைத்துவிட்டீர்கள்.

நான் உங்கள் புத்தகத்தைப் படித்துவிட்டேன். வேலைக்குப் போகும் பஸ்ஸில் போகவர, கம்பியில் சாய்ந்து நின்றுகொண்டே படித்தேன். என் கருத்து இது. யாருடையதும் இல்லை, என்னுடையது.

எனக்குப் பிடிக்கவில்லை. அந்த மனுஷன் பதினொரு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். புத்தகம் முழுக்க மொத்தமே நான்கு முறைதான் மைதானத்துக்குள் இறங்குகிறார். 'இப்போது இறங்குவார், இப்போது இறங்குவார்' என்று பார்த்துப் பார்த்து என் கண் பூத்துப்போனது. அவரோ மழை பெய்த விதத்தையும், முதல் கோல்கீப்பர் ஷூ லேஸ் கட்டும் விதத்தையும் பக்கம் பக்கமாக எழுதுகிறார். ஒரு இடத்தில்கூட அவருக்குக் கோபம் வரவில்லை. தனக்கு ஓர் இடம் வேண்டும் என்று வாய் திறந்து கேட்காத ஆளைப் பொறுமைசாலி என்று சொல்வார்கள். எனக்கு அது எரிச்சலாக இருக்கிறது.

இதுவா உங்கள் மனசுக்குப் பிடித்த புத்தகம்? அப்படியானால் ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் எனக்கும் பெஞ்சுதானா? ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, நீங்கள் வேலைக்குப் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமா?

தீபாவளிக்கு முன்னால் அத்தையிடம் வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்.

சுடர்விழி


சார்செல்
26 செப்டம்பர் 2025

சுடர்விழிக்கு,

இந்தக் கடிதத்தை நான் எங்கேயும் பார்த்து எழுதவில்லை. தப்பு இருந்தால் என் தப்பு.

எட்டாவது வரைக்கும்தான் தமிழில் படித்தேன். அப்புறம் அப்பா இங்கே கூட்டி வந்துவிட்டார். பேசுவேன், எழுதுவேன், ஆனால் கெட்டியான தமிழ்ப் புத்தகம் என்றால் ஒரு பக்கத்துக்கே ரொம்ப நேரம் ஆகும். நான் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை பார்க்கிறேன். விடியும் முன்னால் கிளம்பினால் சாயங்காலம்தான் வருவேன். வந்து உங்கள் புத்தகத்தைத் திறந்தால் மூன்றாம் பக்கத்தில் தூங்கிவிடுகிறேன். உங்கள் கடிதமோ அவ்வளவு சரளமாக இருந்தது. இதற்கு நான் என் தமிழில் கருத்து எழுதினால் இந்தப் பெண் சிரிக்கும் என்று வெட்கமாகிவிட்டது. அந்த ஏழு கருத்தில் ஒன்றுதான் உங்கள் கடிதத்தின் தரத்துக்கு இருந்தது. அதனால் அதை எடுத்தேன். இப்போதுதான் காரணம் புரிகிறது.

மன்னித்துக்கொள்ளுங்கள். சாக்கு சொல்லவில்லை. திருட்டுதான்.

கோல்கீப்பர் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். எனக்கும் கோபம் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். நான் எங்கள் டீமில் இரண்டாவது கோல்கீப்பர். முதல் ஆள் கிளமான் அண்ணன். பெஞ்சில் உட்கார்ந்தவனுக்குத்தான் மைதானம் முழுசாகத் தெரியும். யார் களைத்துவிட்டான், யாருக்குக் கால் வலிக்கிறது, எல்லாம் தெரியும். அதற்காகத்தான் அந்தப் புத்தகம் எனக்குப் பிடிக்கும். ஆனால் நீங்கள் கடைசியில் கேட்டீர்களே, என் வீட்டில் உங்களுக்கும் பெஞ்சா என்று. அதற்குப் பதில் சொல்ல உட்கார்ந்தேன். வரவில்லை. நான் யோசித்ததே இல்லை என்பதுதான் பதில்.

உங்கள் கடிதம் வந்த அன்றைக்குத்தான் உங்கள் அத்தை என் அம்மாவிடம் போனில், "பொண்ணுக்கு முழு சம்மதம், நீங்க மண்டபம் பாருங்க" என்று சொல்லியிருக்கிறார். பக்கத்து ஊரில் இருக்கும் அம்மா என் வீடு தேடி வந்து லட்டு கொடுத்தார். ஒரு கையில் லட்டு, இன்னொரு கையில் உங்கள் கடிதம். யாரை நம்புவது?

ஒரே ஒரு வேண்டுகோள். நான் அந்தப் புத்தகத்தை முழுசாகப் படித்து, ஆடியும் பார்த்து, சொந்தமாக ஒரு கருத்து எழுதும்வரை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அதற்கு அப்புறம் உங்கள் இஷ்டம்.

வினோத்


மூலக்குளம்
8 அக்டோபர் 2025

வினோத்துக்கு,

உங்கள் சொந்தத் தமிழுக்கு என்ன குறை? ஒரு கையில் லட்டு, ஒரு கையில் கடிதம் என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தை நாலு தடவை படித்தேன். மந்திரவாதிக்கு அப்படியெல்லாம் எழுத வராது.

லட்டு விவகாரத்தை அத்தையிடம் கேட்டுவிட்டேன். "பொண்ணு சம்மதம்னு பொண்ணா வந்து சொல்லும்? பெரியவங்க நாங்க எதுக்குடி இருக்கோம்?" என்றார். என் சம்மதம் என்னைக் கேட்காமலே பிளேன் ஏறிப் போயிருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. பல்வலி என்று சொல்லிவிட்டேன், பேச்சுக் கொடுக்காமல் இருப்பதற்கும் அது வசதியாக இருந்தது.

சரி, காத்திருக்கிறேன். ஆனால் படித்தால் மட்டும் போதாது, ஆடியே தீர வேண்டும். கதைசொல்லியாக ஒருவரை உட்கார வையுங்கள், ஊர் உலகம் தெரிந்த ஆளாகப் பார்த்து. நீங்கள் ஒரு வேஷம் எடுங்கள். ஒரே ஒரு நிபந்தனை, நீங்கள் நீங்களாக ஆடக்கூடாது. வேறு யாராவது ஆக வேண்டும். ராட்சசனோ கடற்கொள்ளைக்காரனோ, உங்கள் விருப்பம். சண்டை விதிகளை விட்டுத் தள்ளுங்கள், எனக்கே அது இன்னும் குழப்பம்.

கோல்கீப்பர் பற்றி நான் எழுதியது கொஞ்சம் காரம்தான். வாபஸ் வாங்க மாட்டேன். ஆனால் அந்த மழை வரும் பக்கங்களை மட்டும் திரும்பப் படிக்கத் தோன்றியது.

சுடர்விழி


சார்செல்
2 நவம்பர் 2025

சுடர்விழிக்கு,

ஆடிவிட்டோம். இதுதான் என் சொந்தக் கருத்து. கொஞ்சம் நீளம்.

கிளமான் அண்ணன் வீட்டில் போன வாரம் சனிக்கிழமை பயிற்சி முடித்துவிட்டு உட்கார்ந்தோம். அவர், நான், டீமில் இன்னொரு பையன் கலைவாணன். கதைசொல்லியாக கிளமான் அண்ணனின் மனைவி மோனிக் அக்கா. உழவர்கரைதான் அவருக்கும், கல்யாணமாகி இங்கே வந்தவர். நீங்கள் அனுப்பிய புத்தகத்தை அவர்தான் எங்களுக்கு வாசித்துக் காட்டினார். என்ன வேஷம் என்று கேட்டார். எனக்கு ராட்சசன் எல்லாம் வரவில்லை. உங்கள் கேள்விதான் மனசில் இருந்தது. 'கல்யாணமாகி சார்செலுக்குப் புதுசாக வந்த பெண்' என்றேன். கலைவாணன் மேசையைத் தட்டிச் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை.

ஆரம்பித்தார். "விடியல. புருஷன் வேலைக்குப் போய்ட்டான். கதவு சாத்தியிருக்கு. நீ என்னா பண்ற?"

"சமைப்பேன்" என்றேன்.

"சமைச்சாச்சு. எட்டு மணி. என்னா பண்ற?"

"வீடு பெருக்குவேன்."

"ரெண்டு ரூமுதான், பெருக்கியாச்சு. அம்மாகிட்ட பேசியாச்சு. பத்தர ஆவுது. இன்னா பண்ற?"

இது என் வீடு. நான் வருஷக்கணக்காக இருக்கிற வீடு. அதில் பத்தரை மணி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, நான் அந்த நேரத்தில் அங்கே இருந்ததே இல்லை. கடைசியில், "வெளிய போய் கடையப் பாப்பேன்" என்றேன். பகடையை உருட்டச் சொன்னார். ஒன்று விழுந்தது. "கதவு பின்னாடி சாத்திக்கிச்சு. இந்த ஊர் கதவு சாத்தினா பூட்டிக்கும். சாவி உள்ள. போனும் உள்ள. பக்கத்து வீட்டுக்காரர் எதாவது கேக்குறாரு, உனக்கு பாஷை தெரியாது. இப்ப இன்னா பண்ற?"

படியில் உட்காருவேன் என்றேன். "எவ்ளோ நேரம்?" என்றார். அவன் வரும் வரைக்கும் என்றேன். அக்காவைப் பார்த்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் வந்த புதுசில் அப்படியே நடந்திருக்கிறது. படியில் உட்கார்ந்தே இருந்திருக்கிறார். கிளமான் அண்ணன், "நீ சொல்லவே இல்லியே மோனிக்" என்றார். அக்கா, "நீ கேக்கவே இல்லியே" என்றார். அண்ணன் எழுந்து போய் அவருக்குக் காப்பி போட்டுக்கொண்டு வந்தார். நானும் கலைவாணனும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பகடையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

என் கருத்து: நல்ல புத்தகம். ஆனால் ஆபத்தான புத்தகம். விளையாட்டு என்று சொல்லி உட்கார வைத்து, மனுஷனை மாட்டிவிடுகிறது. அட்டைப்படமும் எனக்குப் பிடித்திருக்கிறது, அதில் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை.

ஒன்று செய்துவிட்டேன், கோபப்படாதீர்கள். மண்டபம் பார்க்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. உங்களைப் பிடிக்காமல் இல்லை. பிடித்ததனால்தான். அந்தப் பத்தரை மணிக்கு என்னிடம் பதில் இல்லாமல் உங்களைக் கூப்பிட எனக்கு மனசு வரவில்லை. நீங்கள் சரி சொல்லாதீர்கள். இப்போதைக்குச் சொல்லாதீர்கள். டிசம்பரில் லீவு போட்டு வருகிறேன். பெண் பார்க்க இல்லை. உங்கள் ஞாயிற்றுக்கிழமை மேசையில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டால் போதும்.

வினோத்


மூலக்குளம்
16 நவம்பர் 2025

வினோத்துக்கு,

உங்கள் கடிதம் வருவதற்குள் உங்கள் அம்மாவின் போன் வந்துவிட்டது. வீட்டில் ரகளை. "வேற எடத்துல பொண்ணு பாத்துட்டானுங்க, அதான் மண்டபம் வேணான்றானுங்க" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டார். நீங்கள் அனுப்பிய புத்தகத்தை வெளியே வீசப் போனார். நான் லெட்டர் எழுதித்தான் எல்லாம் கெட்டுப்போயிற்றாம். அப்பா அன்றைக்குத் தெருவுக்கே போகவில்லை. எல்லாம் என்னால்தான்.

நாலு நாள் கழித்து உங்கள் கடிதம் வந்தது. அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, பத்தரை மணி வரும் இடத்தைச் சத்தமாகப் படித்தேன். மோனிக் அக்கா படியில் உட்கார்ந்திருந்ததையும் படித்தேன். அப்பா கேட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "அங்க போய் இன்னா பண்ணுவன்னு நானும் கேக்கலியேம்மா" என்றார். அத்தையைக் கூப்பிட்டு, "அந்தப் புள்ள வரட்டும், வந்து ஆடிட்டுப் போவட்டும்" என்று சொல்லிவிட்டார். இந்த வீட்டில் அத்தையின் பேச்சுக்கு மேல் பேச்சு வந்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

நீங்கள் நானாக ஆடிப் பார்த்தீர்கள். நான் மட்டும் சும்மா இருந்தால் நியாயமா? இன்றைக்கு ஞாயிறு ஆட்டத்தில் கவிநிலாவைக் கதைசொல்லியாக வைத்து, நான் நீங்களாக ஆடினேன். இருட்டில் எழுந்தேன். குளிரில் பஸ்ஸுக்கு நின்றேன். ஊர் ஊராகப் போகிற ஜனங்களின் பெட்டியைத் தூக்கிப் போட்டேன், நான் எங்கேயும் போகவில்லை. வீட்டுக்கு வந்தால் அம்மா போன், கல்யாணம் எப்போது என்று. கவிநிலா, "இப்ப இன்னாடி பண்ற?" என்றாள். "யாராச்சும் இருந்தா இன்னிக்கி நடந்தத சொல்லுவேன்" என்று என் வாயிலிருந்து வந்தது. உங்களுக்கும் ஒரு பத்தரை மணி இருக்கிறது. அது சாயங்காலத்தில் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வாருங்கள். நாற்காலி போடுகிறேன். பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கால் ஆடும்.

சுடர்விழி


மூலக்குளம்
11 ஜனவரி 2026

வினோத்துக்கு,

ஊர் போய்ச் சேர்ந்த செய்தி உங்கள் அம்மா மூலமாக வந்தது. குளிர் எப்படி என்று கேட்கப்போவதில்லை.

நீங்கள் இங்கே இருந்தபோது நான் எதையும் நேரில் சொல்லவில்லை. நாலு ஞாயிறு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தும், கடற்கரையில் கவிநிலாவையும் கூட்டிக்கொண்டு நடந்தும், பேச வேண்டியதை விட்டு மற்றதையெல்லாம் பேசினேன். எனக்குக் காகிதம்தான் சரிப்பட்டு வரும் போலிருக்கிறது.

முதல் ஞாயிறு ஞாபகம் இருக்கிறதா? கதையில் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து கிளம்பிய போட், நடுக்கடலில் இன்ஜின் நின்றுவிடுகிறது. உங்கள் முறை வந்தது. நீங்கள் பகடையைத் தொடாமல் ஒவ்வொருவரையும் பார்த்து, "நீங்க என்னா பண்றீங்க? நீங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தீர்கள். கவிநிலா பொறுக்க முடியாமல், "அண்ணா, இது உங்க டர்ன்" என்றாள். "தெரியும். அவங்க எங்க நிக்கிறாங்கன்னு தெரிஞ்சாத்தான நான் எங்க நிக்கிறதுன்னு தெரியும்" என்றீர்கள். வீடியோ காலில் ஒரு கேள்விகூடக் கேட்காத அதே ஆள். நான் பென்சிலைக் கீழே போட்டுவிட்டு, எடுக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் மேசைக்கு அடியிலேயே இருந்தேன்.

அந்தக் கோல்கீப்பர் புத்தகத்துக்கு இணையத்தில் வாசகர் கருத்து எழுதியிருக்கிறேன். மந்திரவாதி என்ற பெயரில் இல்லை, என் பெயரிலேயே. 'இவருக்குக் கோபம் வரவில்லையே என்று எனக்கு இன்னும் எரிச்சல்தான். ஆனால் இவர் பார்த்த அளவுக்கு அடுத்தவரைப் பார்க்க எனக்குப் பொறுமை இருந்ததில்லை' என்று முடித்திருக்கிறேன். திருடிக்கொள்ளலாம், அனுமதி உண்டு.

இனி விஷயம். பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்துவிட்டேன். நாக்கு சுளுக்கிக்கொள்கிறது, ஆனால் பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவி உள்ளே மாட்டிக்கொண்டது என்று சொல்லும் அளவுக்காவது வந்துவிடும். அச்சக முதலாளி சக்கரபாணி அண்ணனிடமும் பேசிவிட்டேன். உங்கள் ஊர்த் தமிழர் கல்யாணம் என்றால் பாதிப் பத்திரிகை எங்கள் கடையில்தான் அடிக்கிறார்கள். அதை நான் எங்கே உட்கார்ந்து வடிவமைத்தால் என்ன? "நெட்டு இருந்தா போதும்மா" என்றார். இதையெல்லாம் நீங்கள் எனக்குச் செய்து தர வேண்டும் என்று நான் காத்திருக்கவில்லை, பாருங்கள். மோனிக் அக்காவோடு போனில் பேசினேன். பகலில் அவர் வீட்டில் ஒரு மேசை போடலாமாம், அந்தக் கட்டடத்தில் இன்னும் மூன்று பெண்கள் தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறார்களாம்.

தையில் கல்யாணம் இல்லை. ஆவணியில் வைத்துக்கொள்ளலாம், நான் பிரெஞ்சுப் பரீட்சை எழுதி முடித்த பிறகு. அங்கே வந்து எனக்கு ஒத்துவரவில்லை என்றால் வாய்விட்டுச் சொல்வேன். நீங்களும் சொல்ல வேண்டும். நம் இரண்டு பேருக்கும் நடுவில் கடையில் எடுத்த வார்த்தை வேண்டாம்.

பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இருக்கிறது. ஆனால் முன்பு எதற்குப் பயப்படுகிறேன் என்றே தெரியாமல் பயந்தேன். இப்போது தெரிகிறது, அதனால் சமாளித்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது.

பொங்கலுக்கு அத்தை பதில் கேட்டு வந்து நிற்பார், இது உங்கள் கைக்கு வந்து சேரும்வரை பல்வலி என்று சமாளித்துக்கொள்வேன். அவரிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை, கவிநிலாவுக்குக்கூடத் தெரியாது. இதை யார் வாயிலிருந்தும் இல்லாமல் என் கையெழுத்தில் நீங்கள் முதலில் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

எனக்குச் சம்மதம்.

சுடர்விழி